களி, முட்டைகோஸ், கடலை: புற்றுநோய் அபாயம் குறைய நம்ம பக்கத்துச் சாப்பாட்டில் கவனித்தவை (பேசுகிறவர்களின் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்ப்பெயர்)

பாலக்கோடு:
நார்ச்சத்துக்கு ஓட்ஸ் தேடி அலைய வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார். தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட வராது. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் குடல் சுவரின் செல்களுக்குத் தீனி. மலமும் தேங்காது. பெருங்குடல் புற்றுநோய் அபாயம் குறைவதை இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

காரியம் கெடுவது சல்லடையில்தான். மாவை நைசாகச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிட்டால் நாரும் போச்சு. தானியத்தைக் கல் நீக்கி, கழுவிக் காயவைத்து அரைத்து, அப்படியே களிக்குப் போடுங்க. கால் டம்ளர் நொய்யை 5 டம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, 2 டம்ளர் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் குழி விட்டு, சிறுதீயில் 8 நிமிடம் மூடி வைக்கணும். கொட்டின உடனே கிண்டினால் கட்டி தட்டும். உள்ளே பச்சை மாவு நின்றுவிடும்.

தேன்கனிக்கோட்டை:
அண்ணா, களிக்கு ஊறுகாய் மட்டும் தொட்டுக்கொண்டால் பாதிக் கிணறுதான். உப்பில் ஊறியதை நிறையச் சாப்பிடுவது இரைப்பைக்கு ஆகாது. காய், கீரை, பழம் சேர்த்து நாளுக்கு 400 கிராம் போகணும்; அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடையல் இரண்டும் இருந்தால் சுலபம். முட்டைகோஸை நறுக்கி அரை மணி நேரம் விட்டு அடுப்பில் ஏற்றுங்க. புற்றுநோய்க்கு எதிராக உதவலாம் என்று சொல்லப்படும் பொருளை உண்டாக்க, வெட்டுப்பட்டதும் வேலை செய்கிற நொதி ஒன்று கோஸில் இருக்கு; சூடு பட்டால் அது செத்துப்போகும்.

பென்னாகரம்:
திடீர்னு இப்படி மாறினால் வயிறு உப்புசமாகிறதே, அக்கா?

தேன்கனிக்கோட்டை:
ஆகும்பா. வாரம் ஒரு வேளையாகக் கூட்டு, தண்ணீரும் கூட்டு. கொள்ளு, மொச்சையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவை.

அரூர்:
நிலக்கடலையை மறக்காதீங்க. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். கல்லீரல் புற்றுநோய்க்கு அது நிரூபணமான காரணம். வறுத்தாலும் முழுசாகப் போகாது. காயை ஆட்டினால் கலகலன்னு சத்தம் வரும்வரை காயணும், மூட்டை வெறுந்தரையில் படக்கூடாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்க. செக்குக்கு அனுப்பவே அனுப்பாதீங்க, எண்ணெயிலும் இறங்கும்.

புகையிலை போடுகிறவர்கள் கீரையை நம்பி இருக்கவேண்டாம். ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் (கீரை, கேரட்டில் உள்ள சத்து) மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-லேயே வெளிவந்துவிட்டது. சத்து தட்டிலிருந்து வரட்டும், டப்பாவிலிருந்து வேண்டாம்.