போதையை நிறுத்திய பிறகும் மகனின் மனநிலை சீராகவில்லை: காத்திருக்கலாமா?

கேள்வி:
கஞ்சாப் பழக்கத்துக்காகச் சிகிச்சை பெற்ற என் 16 வயது மகன், ஒரு மாதத்துக்கு மேலாக அதைத் தொடவில்லை. ஆனாலும் விடியும்வரை விழித்திருக்கிறான், சாப்பிடக் கூப்பிட்டாலே எரிந்து விழுகிறான், உயிராக நேசித்த கால்பந்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. போதையின் தாக்கம் முழுதும் இறங்கட்டும் என்கிறது சிகிச்சை மையம். காத்திருப்பது சரிதானா?

பதில் (மனநல மருத்துவர்):
கஞ்சாவை நிறுத்திய ஓரிரு நாட்களில் எரிச்சலும் உறக்கமின்மையும் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணியும். உறக்கக் கோளாறு மட்டும் சிலருக்கு மேலும் நீடிக்கும். ஏறத்தாழ ஒரு மாதம் கடந்தும் ஆர்வமின்மை மாறவில்லை என்றால், அதைத் தனி மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும் என்று கருதி முறையாக மதிப்பிட வேண்டும். போதைச் சிகிச்சைக்கு வரும் வளரிளம் பருவத்தினரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு (ADHD), நடத்தைக் கோளாறு என ஏதேனும் ஒன்று உடனிருக்கிறது. போதைப் பழக்கம், மனநலச் சிக்கல் இரண்டையும் ஒரே குழு ஒருசேரக் கவனிப்பதே நல்லது.

நோயைக் கண்டறியக் காலம் எடுக்கலாம், ஆபத்தை அறிய எடுக்கக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று இன்றே நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பதில் (இன்னொரு பெற்றோர்):
போதைக்கு முன்பு பிள்ளை எப்படி இருந்தார் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எங்கள் மகளின் தொடக்கப்பள்ளி அறிக்கைகளில் ‘இருக்கையில் அமர்வதில்லை, பாதியிலேயே விட்டுவிடுகிறாள்’ என்று ஆண்டுதோறும் எழுதியிருந்தார்கள். மருத்துவர் அந்த வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். கவனக்குறைவுக் கோளாறு பழக்கத்துக்குப் பல ஆண்டுகள் முந்தையது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. சிகிச்சை மையத்தில் சேர்த்த நாளில் இதை எவரும் கேட்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கேட்டேன், அப்படி எண்ணமில்லை என்றான், ஆனால் நெடுநேரம் பேசினான். மருந்து தொடங்கினால் அதற்கும் அடிமையாகிவிடுவானோ என்பதே இப்போதைய அச்சம்.

பதில் (மனநல மருத்துவர்):
மனச்சோர்வு மருந்துகள் போதை தருவதில்லை. எனினும் அவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது. இவற்றால் இளையோருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் எச்சரித்ததால், முதல் சில வாரங்கள் நெருக்கமான கண்காணிப்பு தேவை. கவனக்குறைவுக்கான ஊக்க மருந்துகள் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடியவை என்பதால், அவற்றில் நீண்டநேரம் செயல்படும் வகையையோ ஊக்க மருந்து வகையைச் சேராத வேறு மருந்தையோ தேர்வு செய்வதுண்டு. எதுவாயினும் மாத்திரைகள் உங்கள் பொறுப்பில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.