32 பிட் நெட்புக்: டெபியன் 12-லேயே இருக்கலாமா?

வணக்கம். குடியாத்தத்தில் அப்பாவின் லுங்கிக் கடைக் கணக்கு இன்னமும் ஒரு பழைய நெட்புக்கில்தான் ஓடுகிறது. இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 2 ஜிபி ராம், டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். மெதுவாகத்தான் போகும், ஆனாலும் மே மாத வெயிலில் நான் நடப்பதைவிட வேகம்.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை. 64 பிட் கணினியில் பழைய மென்பொருளை ஓட்டுவதற்காக மட்டும் 32 பிட் மென்பொருள் பொதிகளை விட்டுவைத்திருக்கிறார்கள். என்270-க்கோ 64 பிட் ஆகாது. ஆக, அப்கிரேடு செய்ய வழியில்லை.

டெபியன் 12-க்கு எல்டிஎஸ் (நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட்) 2028 ஜூன் வரை உண்டு. அதுவரை அப்படியே ஓட்டலாமா, இப்போதே மாறிவிடலாமா? ஆன்டிஎக்ஸ் 23 என்ற இன்னொரு லினக்ஸைப் பார்த்தேன், அதற்கும் அடித்தளம் டெபியன் 12தான். வாய்டு லினக்ஸில் 32 பிட் இருக்கிறது, ஆனால் அது ரோலிங் ரிலீஸ், அதாவது தனித்தனிப் பதிப்பாக இல்லாமல் அப்டேட் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். கடைக் கணக்கு இருக்கும் கணினியில் வாராவாரம் அப்டேட் என்றால் கொஞ்சம் பயம்.

இப்படிப்பட்ட கணினியில் வாய்டு ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அப்புறம், "புதுசு வாங்குங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அப்பாவிடம் நான் சொல்லிப் பார்த்தாயிற்று.