ஸ்டாம்ப் சேகரிப்பு: ஊறவைப்பதிலிருந்து ஆல்பம் வரை, கெடுவது எங்கே?

பழைய கவர்கள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்ததும் எல்லாரும் முதலில் கத்தரிக்கோலைத்தான் தேடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தேதியும் ஊரும் தெளிவாக விழுந்த பழைய முத்திரை, போர்க்காலத் தணிக்கை முத்திரை, பதிவுத் தபால் சீட்டு, இவற்றில் ஏதாவது இருந்தால் கவரை முழுசாகவே வையுங்கள். ஸ்டாம்பைப் பிரித்துவிட்டால் அது எங்கிருந்து எங்கே போனது என்ற விவரம் திரும்பக் கிடைக்காது.

மற்றவற்றை வெட்டும்போது சுற்றி ஒரு விரல் அகலம் தாள் விடுங்கள். ஸ்டாம்பின் ஓரத்துப் பல்லை ஒட்டி வெட்டினால் ஒரு பல்லாவது கத்தரியில் போய்விடும், பல் போன ஸ்டாம்ப் பழுதுதான். அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தடவைக்கு இருபது முப்பது போதும். படம் மேலே பார்க்க மிதக்கவிட்டால் 15 முதல் 30 நிமிடத்தில் கோந்து இளகித் தானாக நழுவும். நழுவாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள், உரிக்காதீர்கள். உரித்தால் பின்பக்கத் தாளில் ஒரு படலம் கவரோடு போய்விடும். முன்பக்கம் பார்க்க ஒன்றுமே தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் வெளிறிய திட்டாகத் தெரியும். சேகரிப்பவர்கள் இதைத்தான் ‘தின்’ (thin, மெலிவு) என்கிறோம், மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

பிரிந்ததைப் புதுத் தண்ணீரில் ஒருமுறை அலசி, பின்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் கோந்து மிச்சம் இருக்கிறது. அப்படியே காயவைத்தால் ஒற்றுத்தாளோடு ஒட்டிக்கொள்ளும். அச்சில்லாத உறிஞ்சும் தாளில் படம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், மை ஏறும். லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். முழுக்கக் காய்ந்து சுருண்ட பிறகு அழுத்திப் பயனில்லை.

* * *

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, காக்கிக் கவர்களை மற்றவற்றோடு ஊறப்போடாதீர்கள். ஒரு சிவப்புக் கவர் துண்டு போதும், தட்டு முழுவதும் ரோஸ் நிறம் ஏறிவிடும். அவற்றைத் தனித்தனியாக, குளிர்ந்த தண்ணீரில், சாயம் இறங்கத் தொடங்கியதும் தண்ணீரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

ஸ்டாம்பின் மையும் கரையலாம், சிலவற்றில் அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 1840 மே மாதம் பிரிட்டனில் வந்த உலகின் முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக் கறுப்பு, அதன் மேல் குத்திய முத்திரை சிவப்பு. அந்தச் சிவப்பை எளிதாக அழித்து ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடிந்தது. அதனால் 1841-ல் ஸ்டாம்பைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். பிற்பாடு, முத்திரையை அழிக்கப் பார்த்தால் ஸ்டாம்பின் நிறமே கலைந்துபோகும் மைகள் வந்தன. 1880களின் பிரிட்டிஷ் பச்சை, ஊதா ஸ்டாம்புகள் அந்த வகை. அவற்றில் தண்ணீரே படக் கூடாது.

* * *

ஸ்டிக்கர் வகைக்கு ஊறவைப்பது பெரும்பாலும் பலிக்காது. 1964-ல் சியாரா லியோன் தொடங்கிவைத்த வகை இது. சிலவற்றில் பசைக்கும் தாளுக்கும் நடுவே நீரில் கரையும் அடுக்கு உண்டு, அவை வந்துவிடும். அரை மணி நேரத்தில் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு ஓரம் விட்டு வெட்டி, தாளோடேயே ஆல்பத்தில் வைக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. பிரிந்து வந்ததில் பிசுபிசுப்பு இருந்தால் பின்பக்கம் லேசாக டால்கம் பவுடர் தொட்டுத் தட்டிவிடுங்கள்.

* * *

நல்ல ஸ்டாம்புகள் அதிகம் அழிவது தண்ணீரில் இல்லை, ஆல்பத்துக்குள்ளேதான். புது ரெயின்கோட் வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் பக்கங்கள் வளையும் பிவிசி வகை. அதை வளையவைக்கச் சேர்த்த பொருள் வருஷக்கணக்கில் மெல்லக் கசிந்து மையை இளக்கும். கடைசியில் படம் பிளாஸ்டிக்கில் ஒட்டி நிற்கும். பாலிப்ரொப்பிலீன், பாலியஸ்டர், கிளாசின் தாள் மூன்றும் பயமில்லாதவை. செலோடேப் எந்த உருவத்திலும் கூடாது, அதன் பழுப்புக் கறை போகவே போகாது.

அடுத்த எதிரி ஈரம். பல் ஓரத்தில் துரு நிறத்தில் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. அந்த ஸ்டாம்பை உடனே தனியே எடுத்துவிடுங்கள். ஆல்பங்களைப் படுக்கவைத்து அடுக்கினால் கனத்தில் மின்ட் ஸ்டாம்பின் (பயன்படுத்தாத, கோந்தோடு இருக்கும் ஸ்டாம்ப்) கோந்து ஆல்பப் பக்கத்தோடு ஒட்டும். நிமிர்த்தி வையுங்கள், காற்று நுழைய இடைவெளி விடுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மாதம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் நல்லதுதான், ஆனால் அளவு மீறினால் கோந்து வறண்டு ஸ்டாம்ப் சுருளும்.

மின்ட் ஸ்டாம்புக்கு ஹிஞ்ச் (பின்னால் ஒட்டும் சின்னக் கோந்துத் தாள்) போடாதீர்கள், மவுண்ட்தான் (ஸ்டாம்பைச் செருகிவைக்கும் பிளாஸ்டிக் உறை). பயன்படுத்தியதற்கு ஹிஞ்ச் போதும், நுனியில் மட்டும் ஈரம் தொடவும். எடுக்கும்போது முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்.

* * *

வகைபிரிக்கிறவர்களுக்கு. ஒரே படம், ஒரே நிறம், ஆனால் வேறு ஸ்டாம்ப் என்பது சகஜம். பல் அளவு என்பது 2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளை என்ற கணக்கு. 14 x 13½ என்றால் முதல் எண் மேல்-கீழ் விளிம்புக்கு, அடுத்தது பக்க விளிம்புக்கு. பல் அளக்கும் கேஜில் ஒரு ஓரம் மட்டும் வைத்துப் பார்த்து முடிவு கட்டுவதால்தான் பாதிக் குழப்பம்.

வாட்டர்மார்க் (தாளுக்குள் பதிந்த மங்கலான அடையாளம்) பார்க்க, கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்து ஒரு துளி பென்சின் (சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோலியத் திரவம், பென்சீன் அல்ல). பக்கத்தில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். ஃபோட்டோகிராவூர் (புகைப்பட முறையில் செதுக்கிய உருளையால் அச்சிடும் வகை) அச்சில் இதைச் செய்யாதீர்கள், சில மைகள் கலையும்.

நாட்டுப் பெயர் புரியாமல் ஒதுக்கிவைப்பது அதிகம். ஹெல்வெட்டியா சுவிட்சர்லாந்து, மாக்யார் ஹங்கேரி, சுவோமி பின்லாந்து, ஹெல்லாஸ் கிரீஸ். பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசி தலை மட்டும் இருந்தால் பிரிட்டன்.

* * *

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 மடங்கு லென்ஸ் பழுது பார்க்க மட்டும். வகைபிரிக்க விளக்கோடு கூடிய 3 மடங்கு ஸ்டாண்ட் லென்ஸ் போதும், இரண்டு கையும் சும்மா இருக்கும். கை நடுங்கினால் மணிக்கட்டை மேசையில் ஊன்றுங்கள். கூர் முனை இடுக்கியை விட்டு மண்வெட்டி போல அகன்று தட்டையான முனைக்கு மாறுங்கள்.

* * *

ஒன்றோடொன்று ஒட்டிய மின்ட் ஸ்டாம்புகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈர ஸ்பாஞ்ச், அதற்கு மேல் தண்ணீர் தொடாத உயரத்தில் ஒரு சல்லடை, அதன் மேல் ஸ்டாம்புகள். மூடிவிட்டு மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டதும் இடுக்கியை நுழைத்து மெல்லப் பிரித்து, கோந்துப் பக்கம் மேலே பார்க்க காயவையுங்கள். ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் கோந்து வழிந்து பல் ஓரமெல்லாம் பரவியிருக்கும், அதனால் நாலு மணி நேரம் கையில் இருக்கும் நாளில் மட்டும் தொடங்குங்கள்.