ரெகுலேட்டரைக் கடையில் எடுப்பதா, ஒன்லைனில் எடுப்பதா?

உப்புவெளிப் பெடியன்

எல்லோருக்கும் வணக்கம். போன சீசனில் நிலாவெளியில் ஓப்பன் வோட்டர் என்கிற முதல் டைவிங் பயிற்சியை முடித்தேன், இந்த ஓகஸ்ட்டில் அதற்கு அடுத்த அட்வான்ஸ்டும் முடிந்தது. இதுவரை 34 டைவ், எல்லாமே வாடகைச் சாமானில்தான். அடுத்த வருஷம் டைவ்மாஸ்டர் பயிற்சிக்குப் போக நினைக்கிறேன், அதற்கு முன் சொந்தமாக ஒரு செட் எடுத்துவிட வேண்டும். யாரோ கடித்துக் கிழித்த வாய்ப்பகுதியை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி எனக்கு அலுத்துவிட்டது.

கையில் இருப்பது இரண்டு இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கிச் சேர்த்த காசு, அதனால் பிழைவிட விருப்பமில்லை. பழகிய டைவ் சென்டரில் ரெகுலேட்டர், அதுதான் சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தருகிற கருவி, அதன் விலை கேட்டேன். அதே மொடலை ஒன்லைனில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவாக நிற்கிறது. சென்டரில் தெரிவும் குறைவு, கண்ணாடி அலுமாரியில் நாலைந்து மாஸ்க், காலில் மாட்டி நீந்துகிற ஃபின்ஸ் இரண்டு சோடி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் சொல்லி வைத்தால் கொழும்பில் இருந்து எடுத்துத் தருவார்கள். லண்டனில் இருக்கிற மச்சான் டிசம்பரில் வருகிறார், அவரிடம் சொன்னால் கொண்டு வருவார்.

ஆனால் எனக்கு டைவிங் சொல்லித் தந்தவர்கள் அந்தச் சென்டர்க்காரர்கள்தான். அவர்களைத் தாண்டிப் போய் வாங்குவது மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அதையும் தள்ளி வைத்துவிட்டுக் கேட்கிறேன்: எதை எங்கே எடுப்பது?

நிலாவெளி அண்ணை

தம்பி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் இந்தக் கரையில் ஒன்பது சீசன் வேலை செய்தவன், சாமான் வாங்கிப் பட்டும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் மாஸ்க். அதை மட்டும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பட்டியைத் தலைக்கு மேல் மாட்டாமல், முகத்தை மேலே நிமிர்த்தி, மாஸ்க்கை முகத்தில் சும்மா வையுங்கள். சுற்றிவர எங்காவது வெளிச்சம் தெரிகிறதா, தோலில் எங்காவது தொடாமல் நிற்கிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூக்கால் மெதுவாக இழுத்துக் குனிந்து பாருங்கள், கை பிடிக்காமலே ஒட்டி நிற்க வேண்டும். அப்படியே ஒருமுறை சிரித்துப் பாருங்கள், கன்னம் மடிகிற இடத்தில் காற்று புகுந்தால் கடலில் தண்ணீரும் அதே வழியால்தான் வரும். மீசை இருந்தால் மேலுதட்டுப் பக்கத்தை இன்னும் கவனிக்க வேண்டும். கடைசியாக மூக்கை வெளியில் இருந்து இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள், காது அடைப்பை எடுக்க அது வேண்டும். இவ்வளவையும் எந்த இணையத்தளமும் உங்களுக்குச் செய்து தராது. கோணேசர் மலைக்குக் கீழே அலை இழுத்து இழுத்துத் தள்ளுகிற நாளில் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் டைவ் முழுக்க அதோடேயே போய்விடும்.

இனி ரெகுலேட்டர். நாலு சீசனுக்கு முன் நானும் விலையைப் பார்த்து வெளிநாட்டு ஒன்லைன் கடை ஒன்றில் எடுத்தேன். பெயர்போன கொம்பனிச் சாமான், போலி இல்லை. முதல் வருஷம் பட்டுப்போல வேலை செய்தது. அடுத்த வருஷம் புறாமலைக்குப் போகிற படகில், வால்வைத் திறந்து வைத்துவிட்டு ஃபின்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன், வாயில் வைக்கிற பகுதியான இரண்டாம் கட்டத்தில் இருந்து 'ஸ்ஸ்' என்று சன்னமாகச் சத்தம். பட்டனை ஒருமுறை அமுக்கினால் நிற்கும், அரை நிமிடத்தில் மறுபடி தொடங்கும்.

நடப்பது இதுதான். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை, சிலிண்டரில் மாட்டுகிற முதல் கட்டம், சுற்றியிருக்கும் அழுத்தத்தை விட ஏறக்குறைய 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைத்து ஹோஸுக்குள் விடும். அதை அடைத்துப் பிடிப்பது சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் இருக்கை. அது தேய்ந்தால் 10 பாரில் நிற்க வேண்டியது மெல்ல மெல்ல ஏறும், ஏறினது வாய்ப்பக்கமாகக் கசியும். மாற்ற வேண்டியது அந்தச் சின்னத் துண்டும் ஓ ரிங் என்கிற நாலைந்து ரப்பர் வளையமும்தான். ஆனால் அந்தப் பொதியைக் கொம்பனி தன் பயிற்சி பெற்ற ஆட்களுக்கு மட்டும்தான் கொடுக்கும், என் கையில் தராது. இங்கே அந்த மொடலைத் திறக்க ஆள் இல்லை. விற்றவன் திருப்பி அனுப்பச் சொன்னான், உத்தரவாதம் அந்த நாட்டுக்கு மட்டும் என்றான். சீசன் நடுவில் ஐந்து கிழமை வாடகை ரெகுலேட்டரில் வேலை செய்தேன். மிச்சம் பிடித்த காசு அனுப்புகூலியிலேயே போய்விட்டது.

அதனால் விலை கேட்பதற்கு முன் சென்டரில் இதைக் கேளுங்கள்: 'இந்த மொடலை இங்கே யார் சேர்விஸ் செய்வார், உதிரிப்பாகம் எங்கே இருக்கிறது?' பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 100 டைவுக்கு ஒருமுறை சேர்விஸ் வரும், சில கொம்பனிகள் இரண்டு வருஷம் தருகின்றன. ஒழுங்கான பதில் வந்தால் சென்டரில் கூடுதலாக இருக்கிற அந்தக் காசைக் கொடுத்தே வாங்குங்கள். பதில் இல்லை, 'கொழும்புக்கு அனுப்பலாம், பார்ப்போம்' என்று இழுத்தால், அங்கே கூடக் கொடுக்கிற காசுக்கு உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

டொரொன்டோ திருமலை

அண்ணை சொன்ன மாஸ்க் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் கடை என்றாலே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம் தம்பி. நான் வருஷா வருஷம் யூலையில் ஊருக்கு வந்து டைவ் செய்கிறவள். ஒருமுறை அங்கே கரையோரம் ஒரு கடையில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டுகிற டைவ் கொம்பியூட்டர் வாங்கினேன். பெட்டியின் ஒரு பக்கம் வெயிலில் வெளிறி இருந்தது, நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பற்றரி எச்சரிக்கை. எத்தனை வருஷம் அந்த அலுமாரியில் கிடந்ததோ தெரியாது. உப்புக் காற்றும் வெக்கையும் இருக்கிற இடத்தில் ரப்பரும் சிலிக்கனும் சும்மா கிடந்தே கிழடு தட்டும். ஃபின்ஸ் பட்டியை மடித்துப் பாருங்கள், மடிப்பில் மயிர்போலக் கீறல் தெரிந்தால் வேண்டாம்.

கொம்பியூட்டரை நான் ஒன்லைனில்தான் எடுப்பேன். அதற்கு உடம்பளவு தேவையில்லை. கொம்பனியின் தளத்திலேயே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலில் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள், வந்தவுடன் தொடரிலக்கத்தைப் பதிந்துவிடுங்கள். பற்றரியை நாமே மாற்றக்கூடிய மொடல் எடுங்கள். கிரெஸ்ஸி லியனார்டோ மாதிரி ஒற்றைப் பட்டன் கொம்பியூட்டர் உங்கள் பயிற்சிக்குத் தாராளம், அதற்குப் போடுவது நாணயம் போன்ற சாதாரணப் பற்றரிதான். கூடவே மேல்மூடிக்குரிய ஓ ரிங் இரண்டு வாங்கி வையுங்கள்.

உடம்புச் சூட்டைக் காக்கப் போடுகிற வெட்சூட் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் போதும், அந்தக் கடல் சீசனில் 28, 29 பாகையில் நிற்கிறது. அதையும் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். ஐரோப்பிய அளவு 'எம்' எனக்குத் தோளில் இறுகி இடுப்பில் பை மாதிரி நின்றது, உள்ளே தண்ணீர் ஓடினால் சூட் போட்டும் பயனில்லை.

உப்புவெளிப் பெடியன்

நன்றி அண்ணை, அக்கா. சென்டரில் கேட்டேன். அவர்கள் விற்கிற இரண்டு கொம்பனிக்கு ஆள் இருக்கிறாராம், சீசன் முடிந்து சாமான் எல்லாம் தெற்குக்குப் போகும்போது அங்கே வைத்து சேர்விஸ் செய்து ஏப்ரலில் கொண்டு வருவார்களாம். மச்சான் இதற்கிடையில் லண்டனில் ஒரு செட் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறார், நல்ல மலிவு. பார்சலில் எடுப்பதா, அவர் கையில் கொண்டு வருவதா? ஃபேஸ்புக்கில் ஒருவர் விற்கிற பழைய செட்டும் ஒன்று கண்ணில் பட்டது.

குச்சவெளியான்

பார்சல் என்றால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். சுங்கத் தீர்வை இருக்கும், அதற்கு மேல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம், அதுவும் சாமான் விலைக்கு மட்டுமல்ல, அனுப்புகூலியும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஒன்லைனில் தெரிகிற விலையை வைத்துச் சென்டரோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

லண்டன் செட்டில் இன்னொரு விஷயம். அங்கே பலர் டின் வகை வால்வுதான் பாவிக்கிறார்கள், திருகி மாட்டுவது. நான் இறங்கின படகுகளில் பெரும்பாலும் யோக், மேலால் கவ்விப் பிடிப்பது. அங்கே அதை 'ஏ கிளாம்ப்' என்பார்கள், மச்சானிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். டின் எடுத்தாலும் தப்பில்லை, யோக் அடாப்டர் ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும். அவர் அனுப்பின படத்தில் குளிர்நீருக்கு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 10 பாகைக்குக் கீழே உள்ள தண்ணீருக்காகச் செய்ததற்குக் கூடக் காசு எடுப்பார்கள், நமக்கு அது தேவையே இல்லை. இஎன் 250 என்ற ஐரோப்பியத் தர முத்திரை மட்டும் இருக்க வேண்டும்.

பழைய செட்டைப் பற்றி. எங்கள் பக்கத்தில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற ஆட்கள் நிறையப் பேர். ஊரில் எல்லோரும் ஒட்சிசன் சிலிண்டர் என்பார்கள், உள்ளே இருப்பது வெறும் காற்றுத்தான். என் சித்தப்பா அந்தத் தொழில், கைமாறிக் கைமாறி வந்த ரெகுலேட்டரில்தான் இறங்கினார். ஒருநாள் ஏழெட்டுப் பாக ஆழத்தில் காற்று இறுகி, இழுக்க இழுக்க வராமல், சங்குப் பையை விட்டுவிட்டு மேலே வந்தார். கழற்றிப் பார்த்தால் முதல் கட்டத்தின் வாசலில் இருக்கிற சின்ன வடிகட்டி பாசி பிடித்த செப்புக்காசு மாதிரிப் பச்சையாக இருந்தது. யாரோ அந்த வாசலை மூடுகிற தூசிமூடியைப் போடாமல் கழுவியிருக்கிறார்கள், உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. அவர் அதன் பிறகும் இறங்கினார், வீட்டில் வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. அந்தப் பழைய செட்டைப் பார்க்கப் போனால் முதலில் மூடியைக் கழற்றி வடிகட்டியைப் பாருங்கள். வெள்ளி நிறம் இல்லாமல் பச்சையோ கபிலமோ தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஹோஸ் உலோகத்தோடு சேருகிற இடத்தை மடித்துப் பாருங்கள். வாங்கினாலும் சேர்விஸ் செய்யாமல் தண்ணீருக்குக் கொண்டு போகாதீர்கள், அந்தக் காசையும் விலையோடு கூட்டுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒன்லைனில் கைப்பம்போடு அரை லீற்றர் குட்டிச் சிலிண்டர் விற்கிறார்கள், இரண்டு பெடியன்கள் அதை வாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். அரை லீற்றரை 200 பாருக்கு நிரப்பினாலும் 100 லீற்றர் காற்று. ஆறுதலாக மூச்சு விடுகிறவனுக்கே நிமிடத்துக்கு 20 லீற்றர் போகும், மேலேயே ஐந்து நிமிடம். பத்து மீற்றரில் அழுத்தம் இரட்டிப்பு, இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். பயிற்சி இல்லாதவன் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம், அதற்குப் பத்து மீற்றர் ஆழம் கூடத் தேவையில்லை. தெரிந்தவர்கள் யாராவது வாங்க நினைத்தால் தயவுசெய்து மறியுங்கள்.

நிலாவெளி அண்ணை

குச்சவெளித் தம்பி சொன்ன பச்சை வடிகட்டி நானும் பார்த்திருக்கிறேன், வாடகைச் சாமானில் கூட. கழுவும்போது தூசிமூடியைத் துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு பூட்டிவிட்டு நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊறும்போது வாய்ப்பக்கப் பட்டனை அமுக்கவே கூடாது, அமுக்கினால் தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் கட்டத்துக்கே ஏறும்.

ஃபின்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. புறாமலைப் பக்கம் கரையில் முருகைக்கல் துண்டு, நிலாவெளி மணல் பத்து மணிக்கே கால் வைக்க விடாது. சப்பாத்தோடு போடுகிற, குதி திறந்த வகை எடுங்கள். சப்பாத்தைப் போட்டுப் பார்த்து, அதை மாட்டிக்கொண்டே ஃபின்ஸையும் பாருங்கள், இரண்டையும் தனித்தனியாக ஒன்லைனில் எடுத்துப் பொருந்தாமல் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். சிலிண்டரும் பாரத்துக்குக் கட்டுகிற ஈயமும் வாங்கவே வேண்டாம். சிலிண்டரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்குக் கொண்டு போக வேண்டும், உங்களுக்கு அது தேவையில்லாத தலையிடி. பிசிடியை, அதுதான் காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்கிற சட்டை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள், பயிற்சியில் இரண்டு மூன்று வகை போட்டுப் பார்த்த பிறகு எது பிடிக்கும் என்று தெரியும்.

உப்புவெளிப் பெடியன்

சரி, முடிவெடுத்துவிட்டேன். ரெகுலேட்டர் சென்டரிலேயே, அவர்கள் சேர்விஸ் செய்கிற மொடலில், யோக். விலையைக் கொஞ்சம் குறைத்து முதல் சேர்விஸை இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னார்கள், அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மாஸ்க்கும் சப்பாத்தும் ஃபின்ஸும் அங்கேதான். கொம்பியூட்டர் மட்டும் மச்சான் கையில், அக்கா சொன்ன மாதிரிப் பட்டியலில் உள்ள கடையில் இருந்து. பழைய செட்காரரிடம் வடிகட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், இரண்டு நாளாகப் பதில் இல்லை.

அண்ணை, உங்கள் பக்கம் மாஸ்க் பார்க்க வரலாமா?

நிலாவெளி அண்ணை

வாருங்கள் தம்பி. ஒக்டோபர் நடுவில் சாமானைக் கட்டத் தொடங்கிவிடுவோம், அதற்கு முன் ஒரு காலை ஏழு மணிக்குள் வந்தால் படகு போக முன் ஆற அமரப் பார்க்கலாம். அன்றைக்கு முகம் வழித்துவிட்டு வராதீர்கள், வழமையாக இருக்கிற மீசையோடே வாருங்கள்.