இனிப்பு நீரும் மாமாக் கடையும்

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், என்று தெரிந்ததும் மனுசர் முதலில் செய்த வேலை, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைப் பக்கம் போவதையே நிறுத்தியதுதான். 2023 தேசியச் சுகாதார ஆய்வுப்படி நம் மலேசியாவில் பெரியவர்கள் 6 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, அதனால் வீட்டில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. ரொட்டி சானாய் போச்சு, நாசி கண்டார் போச்சு, சீனி அளவும் இறங்கியது. ஆனால் ஆள் ஒரே சிடுசிடுப்பு. சாயங்காலமானால் டிவி ரிமோட்டை அழுத்திக்கொண்டே ரசத்தில் உப்பு கூட என்பார், பேரன் கத்துகிறான் என்பார்.

ஒரு நாள் தமிழ்ப்பள்ளியில் அவரோடு படித்த கூட்டாளி வாசலில் மோட்டாரை நிறுத்தி, உள்ளேகூட வராமல் சத்தம் போட்டார்: "டேய், டாக்டர் சீனியைத்தானே விடச் சொன்னாரு, எங்களையுமா விடச் சொன்னாரு?"

இப்போது இரண்டு பேரும் காலையில் பினாங்கு தாவரவியல் பூங்காவில் நடக்கிறார்கள் (கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும்). சில ஞாயிறுகளில் தண்ணீர்மலை முருகன் கோயில், 513 படி, பாதியில் நின்று நின்று. அப்புறம் அதே மாமாக் கடை, ஆனால் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர். முன்பெல்லாம் கிளாஸுக்கு அடியில் கெட்டிப்பால் வெள்ளையாகத் தேங்கி நிற்கும், கரண்டியால் வழித்துச் சாப்பிடுவார். 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் என்று ஆரம்பித்து வரி போட்டார்களே, அது டின்னிலும் பாட்டிலிலும் வருவதற்குத்தான், கடையில் இழுத்துத் தரும் தேநீருக்கு இல்லை, அதை நாமாகத்தான் குறைக்க வேண்டும். நடந்தால் மனசை லேசாக்கும் எண்டோர்பின் சுரக்கும் என்கிறாள் மகள். இருக்கட்டும், எனக்கென்னவோ போகும் வழியெல்லாம் அவர்கள் பேசும் அரசியல்தான் பாதி மருந்து என்று தோன்றுகிறது. ரசத்தைப் பற்றி இப்போது பேச்சே இல்லை.

—

மேலே வீட்டுக்காரரின் நடையைப் பற்றி எழுதிய ஆன்ட்டி சொல்வது சரிதான், ஆனால் எனக்குத் தூக்கம்தான் முதலில். பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் ராத்திரி ஷிப்ட், காலையில் வீடு வந்து படுத்தால் கண் மூடாது, மனைவி எது கேட்டாலும் எரிந்து விழுவேன். கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர்தான், வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடு, வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் என்றார். அறைக்குத் தடித்த திரையும் போட்டேன். இப்போது மத்தியானம் வரை தூங்குகிறேன், வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது. நடைதான் இன்னும் ஒத்துவரவில்லை. ராத்திரி ஷிப்டில் இருந்துகொண்டே நடக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?