சுவரை ஒட்டிய ஐந்து அடி

சான் டியேகோவிலிருந்து:

2007 அக்டோபர் 22, பொழுது விடியவில்லை. கலிபோர்னியாவில், சான் டியேகோ நகரின் ரஞ்சோ பெர்னார்டோ பகுதியில் குடியிருந்தோம். முந்தைய நாள் கிழக்கே பிடித்த காட்டுத்தீயை, உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட சாண்டா அனா காற்று ஒரே இரவில் எங்கள் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. பாஸ்போர்ட், தாலிக்கொடி, அத்தையின் மாத்திரை டப்பா, குழந்தைகள் என்று காரில் அள்ளிப் போட்டோம். தீயின் நாக்கு கண்ணில் படவே இல்லை. பொறிதான், ஆலங்கட்டி மழைபோல் கூரைகளில் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது பக்கத்து வீடு சாம்பல். அதன் முன்னிருந்த புல்தரை அப்படியே பச்சையாக இருந்தது! கூரையடிக் காற்றுத் துவாரங்கள் வழியாகப் பொறி உள்ளே போயிருக்கும் என்றார்கள். வீடு உள்ளிருந்தே எரிந்திருக்கிறது.

2015 வறட்சியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார். நாங்களும் புல்லைப் பெயர்த்துவிட்டு ஜன்னலடியில் வரிசையாக ரோஸ்மேரி என்ற மணமுள்ள புதர்ச்செடியை நட்டு, ஈரம் காக்க மரச்சில்லு பரப்பினோம். தண்ணீரே கேட்காத செடி என்று மனம் நிறைந்திருந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்வையிட வந்த தீயணைப்பு வீரர் ஒரு கொத்தைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். “இந்த மணம் எண்ணெயிலிருந்து வருவது. ஜன்னலுக்குக் கீழே எண்ணெயை வளர்க்கிறீர்கள்” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வறட்சியைத் தாங்கும் செடி எல்லாமே தீயையும் தாங்கும் என்றில்லை. ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதரும் ரோஸ்மேரி போலத்தான். இப்போது சுவரிலிருந்து ஐந்து அடிக்கு வெறும் சரளைக்கல்தான். 2020இல் கலிபோர்னியா இயற்றிய சட்டமும் இந்த ஐந்து அடியைத் தனி வளையமாக வகுத்திருக்கிறது. வீட்டைத் தொடும் மரவேலியின் கடைசித் துண்டை இரும்பாக மாற்றினேன். துவாரங்களுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவே கண்ணுள்ள கம்பிவலை அடித்தேன். கற்றாழை தள்ளி இருக்கிறது; அதன் அடியில் காயும் மடல்களை மாதம் ஒருமுறை அறுத்துவிடுகிறேன்.

சாண்டா ரோசாவிலிருந்து:

நாங்கள் இருந்தது இந்த ஊரின் காஃபி பார்க் குடியிருப்பில். சமதளம், வரிசை வீடுகள், பக்கத்தில் காடே கிடையாது. தீ எங்கே, நாம் எங்கே என்றுதான் இருந்தோம். 2017 அக்டோபரில் டப்ஸ் என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ ஆறு வழி நெடுஞ்சாலை 101ஐத் தாண்டி வந்தது. வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை; கல்யாண ஆல்பம் உட்பட.

சான் டியேகோ நண்பர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்த நீர்ச் செடி என்று கோடை முழுக்கக் காயப்போட்டால் அதுவும் விறகுதான். மாதம் ஓரிரு முறையாவது வேர் நனைய ஊற்றுங்கள்.

சேக்ரமெண்டோவிலிருந்து:

அப்பா மதுரையிலிருந்து வந்திருந்த ஆறு மாதமும் தினம் காலையில் வாசல் பெருக்குவார், ஏணி வைத்துக் கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத்தில் சேரும் சருகையும் அள்ளுவார். விழுந்துவிடுவாரே என்று நான் கோபித்துக்கொண்டேன். இப்போது அந்த ஏணியில் நானே ஏறுகிறேன்.

பக்கத்து வீட்டு சைப்ரஸ் என்ற ஊசியிலை மரம் எங்கள் வேலிமேல் சாய்ந்திருக்கிறது. அதை வெட்டச் சொல்லி, அவர்கள் மனம் கோணாமல் எப்படிப் பேசுவது?

சான் டியேகோவிலிருந்து:

எங்களுக்கும் அதே சிக்கல் இருந்தது. வெட்டுகூலியில் பாதியை நாங்கள் தருகிறோம் என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்கினோம். அடுத்த சனிக்கிழமையே ஆள் வந்துவிட்டார்.