அத்தானின் பதவித் தேதி: குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை மாலை

18:52 சான் அந்தோனியோ அக்கா: எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் டாக்டராக இருக்கும் இவருடைய பதவித் தேதி ஒரு வருடம் பிந்திப் பதிவாகியிருக்கிறது. சேர்ந்தது 2018-இல், இப்போதுதான் தெரிய வந்தது. மேஜருக்கு அடுத்த பதவியான லெப்டினன்ட் கர்னல் தேர்வுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. எந்தத் தேதிக்குள் மேஜர் ஆனவர்களைப் பரிசீலிப்பார்கள் என்று அதில் ஒரு வரம்பு இருக்கும். இவரோடு ஒரே வருடம் படிப்பு முடித்து, ஒரே வருடம் சேர்ந்த நண்பர் அந்த வரம்புக்குள் வருகிறார். இவர் வரவில்லை. ஏன் என்று கோப்பை வரவழைத்துப் பார்த்தோம்.

18:55 அம்மா: ஐயோ. மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?

18:56 சான் அந்தோனியோ அக்கா: பேசாமல் இருக்கிறார் அம்மா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

18:58 டோங்காட் மாமா: ஒரு வருடம்தானே மா. வேலை இருக்கிறது, சம்பளம் ஒழுங்காக வருகிறது, பிள்ளைகள் நல்ல பள்ளியில் படிக்கிறார்கள். ராணுவத்தில் இருந்துகொண்டு மேலிடத்தோடு எதற்கு வம்பு? அடுத்த வருடம் தானாக வந்துவிடும்.

19:01 வெருலம் அத்தை: அண்ணா, அப்படிச் சொல்லாதீர்கள். 31 வருடம் ஆஸ்பத்திரியில் பணியாளர் பிரிவில் உட்கார்ந்தவள் நான். ஆரம்பத்தில் தவறிய ஒரு வருடம் தானாகச் சரியாகி நான் பார்த்ததே இல்லை. அடுத்த உயர்வு, அதற்கடுத்த உயர்வு என்று ஒவ்வொன்றிலும் கூடவே வரும். கண்ணு, முதலில் ஒன்று சொல். தவறாக இருப்பது எந்தத் தேதி? பதவி உயர்வு நடைமுறைக்கு வந்த தேதியா, மூப்புக்கான தேதியா?

19:03 சான் அந்தோனியோ அக்கா: அவரையே எழுதச் சொல்கிறேன் அத்தை. பக்கத்தில்தான் இருக்கிறார்.

19:14 அத்தான்: வணக்கம் அத்தை. சரியான இடத்தில் கேட்டீர்கள். எங்கள் ஆணையில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று எஃபெக்டிவ் டேட், சம்பளம் அதைப் பார்த்து ஓடும். இன்னொன்று டேட் ஆஃப் ரேங்க். ஒரே பதவியில் இருப்பவர்களில் யார் மூத்தவர், யார் எந்த வருடம் அடுத்த தேர்வுக்கு வருவார் என்பதெல்லாம் இந்த இரண்டாவது தேதியை வைத்துத்தான். என் விஷயத்தில் மேஜர் தேதியே நேராகத் தவறியதில்லை. தவறு 2018-இல், கேப்டனாகச் சேர்ந்தபோது போட்ட கணக்கில் இருக்கிறது. அதிலிருந்துதான் மேஜர் தேதியும் பிந்தியது.

19:16 பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி: அத்தான், டாக்டர்கள் எல்லாரும் கேப்டனாகத்தானே சேர்கிறார்கள்? அதில் என்ன கணக்கு?

19:27 அத்தான்: பெரும்பாலும் கேப்டன்தான். ஆனால் எத்தனை வருட மூப்போடு கேப்டன் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மற்றவர்கள் இருபத்திரண்டு வயதில் லெப்டினன்ட் ஆகிறார்கள். நாங்கள் அந்த வயதில் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறோம். அந்த வருடங்கள் வீணாகக் கூடாது என்று சட்டமே படிப்புக்கு மூப்புக் கணக்கு கொடுக்கிறது. கன்ஸ்ட்ரக்டிவ் கிரெடிட் என்பார்கள். மருத்துவப் படிப்புக்கு 4 வருடம், இன்டர்ன்ஷிப்புக்கு 1 வருடம், ரெசிடென்சி என்ற சிறப்புத்துறைப் பயிற்சிக்கு எத்தனை வருடமோ அத்தனை வருடம். கேப்டன் ஆவதற்கு அந்த முதல் 4 வருடம் போதும். மிச்சம் இருக்கும் வருடங்களைக் கழித்து, சேர்ந்த தேதிக்கு முந்தைய தேதியைக் கேப்டன் தேதியாகப் போடுவார்கள்.

நான் 2014-இல் படிப்பு முடித்தேன். ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், மூன்று வருடம் மயக்க மருந்து ரெசிடென்சி. மொத்தம் 8 வருடம் வர வேண்டும். என் தாளில் 7 என்று இருக்கிறது. கேப்டன் தேதி 2014 ஜூலை என்று இருக்க வேண்டியது 2015 ஜூலை என்று ஆகிவிட்டது.

19:29 பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி: இன்டர்ன்ஷிப்பை விட்டுவிட்டார்களா!

19:33 அத்தான்: ஆமாம். மயக்க மருந்துத் துறையில் முதல் வருடத்தை ஒரு ஆஸ்பத்திரியிலும் மீதி மூன்றை வேறு ஆஸ்பத்திரியிலும் செய்வது சாதாரணம். எனக்கும் அப்படித்தான். அதனால் சான்றிதழும் இரண்டு. கணக்குத் தாளில் ரெசிடென்சி சான்றிதழ் மட்டும்தான் இணைப்பாகக் காட்டியிருக்கிறது. இன்டர்ன்ஷிப் என்ற வரியில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

19:35 பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி: அந்த ஒரு வருடம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்களுக்கு இரண்டு வருடம் இன்டர்ன்ஷிப், அப்புறம் ஒரு வருடம் சமூக சேவை. முப்பது மணி நேரம் தூங்காமல் நின்ற நாட்கள் இருக்கின்றன. அதைக் கோடு போட்டுத் தாண்டுவதா? அத்தான், நீங்கள் கட்டாயம் எழுதிப் போட வேண்டும்.

19:38 டோங்காட் மாமா: சரி, தவறு தவறுதான். ஆனால் மாப்பிள்ளைக்குக் கெட்ட பெயர் வராதா? புகார் கொடுத்தவன் என்று.

19:44 அத்தான்: இது யார் மேலும் புகார் இல்லை மாமா. ஆவணத்தைத் திருத்தக் கேட்கும் மனு. ராணுவ ஆவணங்களில் பிழையோ அநீதியோ இருந்தால் திருத்தலாம் என்று சட்டம் இருக்கிறது, அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் தலைப்பு 10, பிரிவு 1552. ஒவ்வொரு படைக்கும் தனி வாரியம். வாரியத்தில் உட்காருபவர்கள் சீருடைக்காரர்கள் இல்லை, சிவிலியன்கள். என் மேலதிகாரிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

19:46 வெருலம் அத்தை: அது நல்ல ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளை, நேராக வாரியத்துக்குப் போகாதீர்கள். கீழே கேட்டாயா என்றுதான் முதல் கேள்வி வரும்.

19:50 அத்தான்: அதே விதிதான் இங்கேயும் அத்தை. முதலில் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் மனிதவளத் தலைமையகத்தில் கேட்க வேண்டும். அவர்களால் முடியாது என்றால்தான் வாரியம். அங்கே திங்கட்கிழமை எழுதலாம் என்று இருக்கிறேன். வாரியத்துக்கான படிவம் டிடி 149, அதையும் இறக்கி வைத்திருக்கிறேன்.

19:52 நான்: காலக்கெடு உண்டா அத்தான்? 2018-இல் நடந்ததாயிற்றே.

19:57 அத்தான்: பிழை தெரிய வந்ததிலிருந்து 3 வருடம். படிவத்திலேயே எப்போது கண்டுபிடித்தாய் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா என்று அவர்கள் கேட்கலாம். கேட்டாலும், நியாயத்தின் பொருட்டு தாமதத்தை மன்னிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. எனக்கு அன்று கையில் கொடுத்தது நியமன ஆணை மட்டும். இந்தக் கணக்குத் தாள் கோப்பை வரவழைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. அதைத் தேதியோடு எழுதுவேன்.

20:03 சாட்ஸ்வொர்த் பெரியப்பா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். மாப்பிள்ளை, நீங்கள் இதை விடக் கூடாது. 1899-1900-இல் இங்கே பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போயர் போரில் நம் இந்திய ஜனங்கள் ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள். நேட்டாலில் சுமார் 1,100 பேர். கொலென்சோ, ஸ்பியன் காப் என்று குண்டு விழும் இடத்திலிருந்து அடிபட்டவர்களைத் தோளில் சுமந்து மைல் கணக்கில் நடந்தார்கள். பதக்கம் கிடைத்தது சில தலைவர்களுக்குத்தான். மற்றவர்கள் யார், எந்த ஊர், என்ன பெயர் என்று தேடினால் பாதிப் பேருக்கு விவரம் இல்லை. செய்த வேலை எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் வருடம் உங்களுக்கு வந்தே ஆக வேண்டும்.

20:05 அம்மா: 🙏 பெரியவர் சொல்வது சரி.

20:09 வெருலம் அத்தை: நான் ஒன்று சொல்கிறேன், எல்லாரும் கேளுங்கள். ஆயாவின் அடையாளப் புத்தகத்தில் பிறந்த வருடம் மூன்று வருடம் பிந்தி இருந்தது. அதனால் முதியோர் உதவித்தொகை தள்ளிப் போனது. எந்த அலுவலகம் என்று இப்போது வேண்டாம். முதலில் பக்கத்து வீட்டார் கடிதம், கோயில் தலைவர் கடிதம், சத்தியப் பிரமாணம் என்று ஒரு கட்டு கொண்டுபோனோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ஆயா முதல் வகுப்பில் சேர்ந்த பள்ளிக்கூடப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்தோம். பழுப்பேறிய தாள், நீல மசி, ஆயா பெயரில் ஒரு எழுத்துப் பிழை, ஆனால் பிறந்த தேதி தெளிவாக இருந்தது. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததும் மறுபேச்சு இல்லை. சம்பவம் நடந்த காலத்திலேயே, வேறு காரியத்துக்காக எழுதிய தாள் அது. யாரும் சந்தேகப்பட முடியாது.

20:11 வெருலம் அத்தை: அதனால் மாப்பிள்ளை, உங்கள் நேர்மைக்கு யாரும் நற்சான்று எழுதித் தர வேண்டாம். இன்டர்ன்ஷிப் முடித்த சான்றிதழ், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கிய தேதியும் முடித்த தேதியும் போட்ட கடிதம், அந்த வருடச் சம்பள வரித் தாள். இவை போதும்.

20:18 அத்தான்: வரித் தாளை நான் யோசிக்கவே இல்லை. அருமை அத்தை. இங்கே சட்டமும் நீங்கள் சொல்வது போலத்தான். அரசாங்கம் செய்தது சரி என்றுதான் வாரியம் தொடங்கும். தவறு என்று காட்டுகிற பாரம் என்னுடையது. என் பக்கச் சான்றுகள் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தால் போதும், குற்ற வழக்கு மாதிரி துளியும் சந்தேகம் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை.

20:20 சான் அந்தோனியோ அக்கா: எவ்வளவு நாள் ஆகும் என்று அம்மா கேட்கிறாள் பார்.

20:24 அத்தான்: பத்தில் ஒன்பது மனுக்களை 10 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், எதுவும் 18 மாதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடுவில் மனிதவளப் பிரிவிடம் வாரியம் கருத்துக் கேட்கும். அந்தக் கருத்தின் நகல் எனக்கும் வரும், நான் பதில் எழுதலாம். அந்தப் பதிலைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள் என்று இங்கே ஒரு மூத்தவர் சொன்னார். நான் விட மாட்டேன்.

20:27 டோங்காட் மாமா: ஜெயித்தால் உடனே கர்னலா?

20:36 அத்தான்: இல்லை மாமா. கேப்டன் தேதியைத் திருத்துவது சுலபமான பாதி. கடினமானது மேஜர் தேதி. மேஜரிலிருந்து மேலே நியமனத்துக்கு அமெரிக்க செனட்டின் ஒப்புதல் வேண்டும். அதனால் நீ 2020-இலேயே மேஜர் என்று வாரியம் சும்மா எழுதிவிட முடியாது. 2020-இல் நான் தேர்வுக் குழுவின் முன் போயிருக்க வேண்டும், ஆவணப் பிழையால் போகவில்லை. அப்படி விடுபட்டவர்களுக்காக ஒரு சிறப்புத் தேர்வுக் குழு உண்டு. அன்றைக்கு என் கோப்பு எப்படி இருந்திருக்குமோ அப்படியே வைத்துப் பார்ப்பார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தால் பழைய தேதியோடு மேஜர் பதவி வரும், அந்த ஒரு வருடச் சம்பள வித்தியாசமும் வரும். அதற்குப் பிறகுதான் லெப்டினன்ட் கர்னல் பேச்சு.

20:38 டோங்காட் மாமா: இவ்வளவு இருக்கிறதா. சரி மாப்பிள்ளை, நான் சொன்னதை விடுங்கள். தைரியமாகச் செய்யுங்கள்.

20:40 நான்: ஓய்வூதியமும் கூடுமா அத்தான்?

20:43 அத்தான்: படிப்புக்குக் கொடுக்கும் அந்த வருடங்கள் பதவிக்கும் மூப்புக்கும் மட்டும்தான். ஓய்வுக்கான சேவை வருடத்தில் சேராது. அதனால் மனுவில் ஓய்வூதியம் என்ற சொல்லே வராது. கிடைக்காததைக் கேட்டால் கிடைக்க வேண்டியதும் கெடும்.

20:45 வெருலம் அத்தை: அப்படிச் சொல்லுங்கள். ஒரே கோரிக்கை, ஒரே வரி. சேர்ந்தபோது கொடுத்த கணக்கு 7 வருடம், கொடுத்திருக்க வேண்டியது 8 வருடம், காரணம் இன்டர்ன்ஷிப். அதிலிருந்து என்னென்ன மாற வேண்டும் என்று கீழே வரிசையாக. பக்கம் பக்கமாக வருத்தத்தை எழுத வேண்டாம்.

20:49 சான் அந்தோனியோ அக்கா: அத்தை, வருத்தம் இருக்கிறதே. கோவிட் சமயத்தில் இவர் வீட்டுக்கு வராமல் கார் கூடத்தில் படுத்த நாட்களை நான் மறக்கவில்லை. அப்போதெல்லாம் இவர் மேஜராக இருந்திருக்க வேண்டும்.

20:51 வெருலம் அத்தை: தெரியும் கண்ணு. அதை எங்களிடம் சொல். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல். நாங்கள் எதற்கு இருக்கிறோம்? தாளில் மட்டும் வேண்டாம்.

20:52 அம்மா: நாளை மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். மாப்பிள்ளை பெயரில் அர்ச்சனைக்குக் கொடுக்கிறேன். நட்சத்திரம் அஸ்தம்தானே?

20:53 சான் அந்தோனியோ அக்கா: அஸ்தம்தான் அம்மா.

20:55 சாட்ஸ்வொர்த் பெரியப்பா: பெரிய குடம் என்னிடம் இருக்கிறது, காலையில் கொண்டுவருகிறேன். மாப்பிள்ளை, அசல் சான்றிதழ்களைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

20:58 அத்தான்: இல்லை பெரியப்பா, நகல்தான். அசல் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. இன்டர்ன்ஷிப் செய்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு இப்போதே மின்னஞ்சல் அனுப்புகிறேன். அத்தை, கோரிக்கை வரைவை இன்று இரவு உங்களுக்குத் தனியாக அனுப்பட்டுமா? ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

20:59 வெருலம் அத்தை: அனுப்புங்கள். கணக்குத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள், அந்தக் கோடு போட்ட வரி தெரியும்படி. நாளை பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து படிக்கிறேன். நான் பார்த்து முடிக்கும் வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

21:00 அத்தான்: சரி அத்தை.